நூற்றுக்கு ஐந்து

'மூன்று வட்டி' என்று நம் ஊர்களில் ஒருவர் சொன்னால், அது நூற்றுக்கு மூன்று, அதுவும் மாதத்திற்கு என்பதை எவரும் விளக்குவதில்லை. ஆண்டுக்கு 36 விழுக்காடு என்றால் திடுக்கிடுபவரும் மூன்று வட்டிக்குத் தலையசைத்து விடுகிறார். இவ்வழக்கு மிகப் பழையது. நூறு பணத்திற்கு மாதம் ஒன்றேகால் பணமே அறவழிப்பட்ட வட்டி என்கிறது அர்த்தசாஸ்திரம். வணிகர்க்கு 5, காட்டுவழி செல்வோர்க்கு 10, கடலோடிகளுக்கு 20 என்று அடுக்கவும் செய்கிறது.

விகிதம் தெரிந்தால் கணக்கு எளிது. விகிதமே மறைந்திருந்தால்?

கி.பி. 499இல் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தில், கணிதபாதத்தின் 25ஆம் செய்யுள் இதற்கு விடை கூறுகிறது. வானியல் நூலொன்றில் வட்டிக்கடைக்கும் இடமிருந்தது என்பதே நமக்கு வியப்பு. செய்யுளோ இரண்டே அடி, உரையின்றி விளங்காது. 629இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் எடுத்துக்காட்டு இது: நூற்றுக்கு மாத வட்டி எவ்வளவென்று தெரியாது. அந்த வட்டிப் பணம் அதே விகிதத்தில் நான்கு மாதம் மீண்டும் கடனாகச் சென்றது. வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்ந்து 6. மாத வட்டி யாது?

ஆரியபடரின் வழியில் செல்வோம். 6ஐக் காலத்தாலும் (4) முதலாலும் (100) பெருக்க 2400. முதலில் பாதி 50. அதன் வர்க்கம் 2500. கூட்டினால் 4900; வர்க்கமூலம் 70. அதில் 50 போக 20. நான்கால் வகுக்க 5. இன்றைய பள்ளிமுறையில் தெரியாத வட்டியை x என்போம். வட்டிக்கு வட்டி 4x²/100. ஆகவே x + 4x²/100 = 6; அதாவது x² + 25x = 150. இங்கும் x = 5.

அந்த x-க்கு நம் பழைய நூல்களில் பெயர்களுண்டு. ஆரியபடர் வேறொரு செய்யுளில் 'குளிகா' என்கிறார். நம் மருத்துவர்களின் குளிகைதான். 12ஆம் நூற்றாண்டின் பீஜகணிதத்தில் அது 'யாவத்தாவத்', எவ்வளவோ அவ்வளவு. தெரியாததற்கு இதைவிட நேர்மையான பெயர் உண்டா என்று தமிழ் படித்த நமக்குத் தோன்றுகிறது.

விடையாக வந்த ஐந்து, அர்த்தசாஸ்திரம் வணிகர்க்கு விதித்த அதே ஐந்து. உரையாசிரியர் கருதியே அமைத்தாரா என்று துணிய இயலவில்லை. ஆனால் 'ஆறு' என்று மட்டும் கேட்ட கடனாளி, தன் வட்டி நூற்றுக்கு ஆறு என்றே எண்ணியிருப்பான். அதில் ஐந்துதான் வட்டி. மீதி ஒன்று, வட்டி போட்ட குட்டி.