அங்குலக் கணக்கும் கைவண்ணமும்: திருவண்ணாமலைச் சிற்ப மரபிலிருந்து கணினி விளையாட்டு வரை

கணினி விளையாட்டுக்கென்று கோபுரத்தையோ தூணையோ சிலையையோ முப்பரிமாண மாடலாகச் செய்து தரும் கலைஞர், அதை விற்பனைத் தளத்திலோ கூட்டுத் திட்டத்திலோ ஒப்படைக்கும்போது இரண்டு சோதனைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. பாலிகன் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா, டெக்ஸ்சர் ஒழுங்காகப் பொருந்துகிறதா, உரிமம் தெளிவாக உள்ளதா என்பது ஒன்று. பார்க்க நன்றாக இருக்கிறதா, விளையாட்டின் மற்றப் படங்களோடு ஒட்டுகிறதா என்பது மற்றொன்று. முதல் சோதனையில் தோற்றவர் திருத்திக்கொண்டு மறுபடி வருகிறார். இரண்டாவதில் தோற்றவரோ கலைச் சுதந்திரம் பறிபோயிற்று என்று கோபப்படுகிறார். இந்தப் பிணக்கு கணினியோடு பிறந்ததன்று. சரிபார்ப்பு கடுமையாக இருப்பதால் சுதந்திரம் கெடுவதில்லை, அளக்கக்கூடியதைச் சோதிக்க வேண்டியவர் ரசனைக்கும் சேர்த்துத் தீர்ப்பெழுதும்போதுதான் கெடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குத் திருவண்ணாமலையைச் சுற்றி நல்ல சான்றுகள் உண்டு.

முதற் சான்று இத்தலத்தின் புராணத்திலேயே இருக்கிறது. அடிமுடி காண முடியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்ற கதைக்கு உரிய ஊர் இது. அந்தக் கதையைக் கல்லில் காட்டுவது லிங்கோத்பவர். எல்லையற்றதை எல்லைக்குட்பட்ட கோட்டத்தில் அடக்க வேண்டும் என்பதால் சிற்பிக்கு இதைவிடச் சிக்கலான வேலை வேறில்லை. ஆகமங்கள் இதற்குத் தந்த விதிகள் துல்லியமானவை. உருவம் லிங்கத்தின் நடுவிலிருந்து வெளிப்பட வேண்டும், திருவடி தெரியக் கூடாது, மேலே அன்னம், கீழே பன்றி. அளவுக்குத் தாளமானம் தனியே இருந்தது: முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரத்தை 124 அங்குலப் பங்காக வகுப்பது, தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். இவ்வளவு இறுக்கமான விதிகளுக்குக் கீழே எல்லாச் சிலைகளும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவச் சிற்பி பல கைகளோடு வேகமும் வீச்சுமாகச் செதுக்கிய அதே வடிவம், சோழர் கோயில்களின் கருவறைப் பின்சுவரில் நான்கு கைகளோடு அடங்கி நிற்கிறது. அங்கேயும் பன்றி மண்ணைத் தோண்டும் சாய்வும் அன்னம் எழும்பும் கோணமும் கோயிலுக்குக் கோயில் வேறு. அங்குலத்தைத் தீர்மானித்த நூல் சாய்வைச் சிற்பியிடம் விட்டது. விஜயநகரக் கால மண்டபத் தூண்களில் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது. மூலவருக்குரிய விதி தூணின் சிறு கட்டங்களுக்கு இல்லை. அங்கே குரங்கும் கழைக்கூத்தாடியும் வேட்டைக்காரனும் தம் இஷ்டத்துக்கு வாழ்கிறார்கள்.

சாஸ்திரமே ஒரு தணிக்கைதானே, அதை எப்படிச் சுதந்திரத்தின் காவலாகச் சொல்லலாம் என்று கேட்கலாம். தணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அது உளியை எடுக்கும் முன்பே சிற்பிக்குத் தெரிந்த விதி. வேலை முடிந்தபின் சோதிப்பவர் மனத்தில் உதித்ததன்று. அந்த அறிவு சில குலங்களுக்குள் பூட்டிக் கிடந்தது என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அது உண்மையான குறை. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியது அந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியது.

கட்டுமானத்தில் சரிபார்ப்பு எவ்வளவு அவசியம் என்பதைக் கோபுரங்கள் சொல்கின்றன. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர் முடித்த திருவண்ணாமலை ராஜகோபுரம் 11 நிலைகளோடு 217 அடி உயரத்தில் நிற்கிறது. அதே கிருஷ்ணதேவராயர் 1516இல் காளஹஸ்தியில் எழுப்பிய கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அடித்தளம், விரிசல், நீர்க்கசிவு ஆகியவற்றில் கைவண்ணத்துக்கு இடமில்லை. அங்கே பொறியாளர் சொல்வதே சட்டம். சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், அந்தப் பொறியாளரின் படிவமே சுதைச் சிற்பத்துக்கும் படிவமானபோது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் கீழ்த் திருப்பணி என்பது திட்ட மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம் என்ற வரிசையில் நடக்கிறது. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும், சரி. ஆனால் சதுர அடிக்கும் சிமெண்டு மூட்டைக்கும் கணக்குக் கேட்கும் படிவத்தில், பழைய சுண்ணாம்புச் சுதை முகத்தின் மெல்லிய புன்னகைக்கு ஒரு கட்டம் கிடையாது. பழமையான பரப்புகள் மணல்வீச்சில் தேய்ந்ததும் இப்படித்தான். தூய்மை என்று பார்த்தால் அந்த வேலை தேறியது. கலையாகப் பார்க்க ஆளே இல்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தொன்மைக் கோயில்களைப் பற்றி 75 உத்தரவுகள் பிறப்பித்ததும், சிற்பமும் ஆகமமும் அறிந்தவர்கள் வல்லுநர் குழுக்களில் இருக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்ததும், பிரிந்திருக்க வேண்டிய இரண்டு பார்வைகளை மறுபடி பிரிக்கும் முயற்சியாகவே எனக்குப் படுகின்றன.

விளையாட்டுத் துறை இதே பாதையை நாற்பது ஆண்டுகளில் ஓடி முடித்திருக்கிறது. 1983இல் தரமற்ற விளையாட்டுகள் குவிந்து அமெரிக்கச் சந்தை சரிந்தபின், நின்டென்டோ தன் முத்திரை இல்லாத எதையும் தன் கருவியில் ஓடவிடவில்லை. பழுதில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தவரை அது நியாயம். அதே மேசையில் உட்கார்ந்து இரத்தத்தையும் சிலுவையையும் நீக்கச் சொன்னபோது அது வேறு வேலையாகிவிட்டது. 1993இல் ‘மோர்ட்டல் கோம்பாட்’ நின்டென்டோவில் இரத்தத்துக்குப் பதில் சாம்பல்நிற வியர்வையோடு வந்தது. இரத்தத்தை விட்டுவைத்த போட்டி நிறுவனமான சேகாவின் பதிப்பு அதைவிட அதிகம் விற்றது. மறு ஆண்டே வயது மதிப்பீட்டுக்குத் தனி வாரியம் அமைந்தது. இரண்டாம் பாகம் நின்டென்டோவிலும் இரத்தத்தோடு வெளிவந்தது. உள்ளடக்கத்தைப் பார்க்க வேறொருவர் வந்த காலத்திலேயே முத்திரைக்காரரின் கையும் தளர்ந்தது.

அப்படியானால் ரசனைத் தேர்வே வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பார்கள். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் அதைச் செய்து பார்த்தது. 2012இல் எந்த விளையாட்டை ஏற்பது என்பதைப் பயனர் வாக்கெடுப்புக்கு விட்டது. 2017இல் அதையும் நிறுத்தி 100 டாலர் கட்டினால் போதும் என்றாக்கியது. கதவு திறந்தது, கூட்டமும் நிறைந்தது. நல்ல படைப்பு கண்ணில் படுவதே அரிதாயிற்று. ஆகவே தேர்வு வேண்டும். கூட்டாகச் செய்யும் ஒரு விளையாட்டில் ஒரு கோபுரம் கேலிச்சித்திரம் போலவும் இன்னொன்று நிழற்படம் போலவும் இருக்க முடியாது என்பதும் உண்மை. அந்த ஒத்திசைவைக் கேட்க மதிப்பாய்வாளருக்கு உரிமை உண்டு, ஒரு நிபந்தனையோடு: பாணி விதிகள் வேலை தொடங்குமுன் மாதிரிப் படங்களோடு எழுதித் தரப்பட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் குறிப்பில் எது அளவுக் குறை, எது பாணி முரண், எது வெறும் விருப்பு என்று தனித்தனியே எழுத வேண்டும். மூன்றாவதன் பேரில் எதையும் நிராகரிக்கக் கூடாது.