கும்பட்டி எஸ். நரேந்திரா

கட்டுப்பாட்டியல் அறிஞர். 1933-ல் சென்னையில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954-ல் மின்பொறியியல் பட்டமும் ஹார்வர்டில் 1959-ல் முனைவர் பட்டமும் பெற்று, 1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இவருடைய ஆய்வுக்கு வேர், ரஷ்யக் கணிதவியலர் அலெக்சாந்தர் லியாபுனோவ் (1857–1918) 1892-ல் அளித்த ஆய்வேடு. ஓர் அமைப்பு நிலைகுலையுமா என்றறிய அதன் சமன்பாடுகளைத் தீர்க்கத் தேவையில்லை. ஆற்றல் போன்ற ஒரு சார்பைக் கண்டு, அது குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டினால் போதும் என்றார் லியாபுனோவ். அந்தச் சார்பைக் கண்டுபிடிக்கப் பொதுவழி ஏதும் இல்லை என்பதுதான் சிக்கல்.

நரேந்திரா எடுத்துக்கொண்டது தகவமைப்புக் கட்டுப்பாடு: அமைப்பின் குணம் தெரியாதபோது, இயக்கிக்கொண்டே அதைக் கற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவி. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைக் கழிவுநீரை அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக்குக் கொண்டுவருவதை நினைத்தால் தேவை விளங்கும். சுண்ணாம்புத் தொட்டி நீர் காரம், தோலை அமிலத்தில் ஊறவைத்த ‘பிக்கிள்’ நீர் அமிலம். வரும் கலவை ஒரே சீராக இருப்பதில்லை. நடுநிலைக்கு அருகில் கொஞ்சம் அமிலம்கூட அமில-கார அளவைப் புரட்டிவிடும். விலகி நின்றால் நிறைய ஊற்றினாலும் லேசில் அசையாது. ஒரே விகிதத்தில் மருந்து ஊற்றும் கருவி இங்கே திணறும்.

ஆனால் கற்கும் கருவியே கெடுத்துவிட்டால்? 1967-ல் அமெரிக்க ராக்கெட் விமானமான எக்ஸ்-15 நொறுங்கி விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்ததில் அதன் தகவமைப்புக் கருவிக்கும் பங்கிருந்தது. கருவி அமைப்பைக் குலைக்காது என்ற நிரூபணம் இல்லாமல் இந்தத் துறை நகர முடியாத நிலை. 1980-ல் லின், லீனா வலவானி ஆகியோருடன் நரேந்திரா அந்த நிலைத்தன்மை நிரூபணத்தைத் தந்தார். அதே ஆண்டு வேறு குழுக்களும் தந்தன. ஆனால் புறக்குழப்பமற்ற, கணித மாதிரி பிசகாத சூழலுக்கே அந்த நிரூபணம் செல்லும். இரண்டே ஆண்டுகளில், மாதிரியில் விடுபட்ட சிறு இயக்கம்கூட அமைப்பைக் குலைக்கும் என்று காட்டிய குழுவிலும் வலவானி இருந்தார்! தொடர்ந்த உறுதித்தன்மை ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, மாணவி அனுராதா அன்னசாமியுடன் 1989-ல் நரேந்திரா எழுதிய நூல் இன்றும் பாடநூலாக நிற்கிறது.

இன்னொரு ரஷ்யத் தொடர்பும் உண்டு. முயன்று பார்த்து, விளைவைக் கொண்டு தன் தேர்வைத் திருத்திக்கொள்ளும் ‘கற்கும் தானியங்கி’ பற்றி மிகயில் செட்லின் தொடங்கிய கோட்பாட்டை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். ஏ. எல். தாத்தாச்சாருடன் சேர்ந்து வளர்த்தார். நரம்பு வலையமைப்புகளைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தி கே. பார்த்தசாரதியுடன் 1990-ல் எழுதிய கட்டுரையே பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. கனம் என்னவோ 1980 நிரூபணத்துக்குத்தான். கட்டுப்பாட்டியலுக்கான பெல்மன் விருதை 2003-ல் பெற்றார்.