வானகரம் வட்டார அரசு முன்பருவப் பள்ளிகள்

சென்னையின் மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வானகரத்திலும் அக்கம்பக்கத்திலும் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்கென அரசு நடத்தும் அங்கன்வாடிகளும் மழலையர் வகுப்புகளும் இத்தலைப்பில் அடங்கும். பேச்சுவழக்கில் அங்கன்வாடி இன்றும் பால்வாடிதான். வானகரம் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்து ஊராட்சியாக வளர்ந்தது. அதை ஒட்டிய மதுரவாயல் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து வளசரவாக்கம் மண்டலத்துக்குள் வந்தது. நடந்தே கடக்கக்கூடிய தூரத்துக்குள் நிர்வாகம் மாறிவிடுவதால், இங்கே ஒரு மையத்தை இன்னொன்றோடு ஒப்பிடுபவர் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அங்கன்வாடிகள் 1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப்புறத்துக் குழந்தைகள் மையங்களில் மதியச் சோற்றை நிலைபெறச் செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் அது பரவியது. மாநிலத்தில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இரண்டு முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கலவைச் சோறும், வாரம் மூன்று நாள் முட்டையும் உண்டு. சத்துமாவு வழங்குவது, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது எல்லாம் அதே பணியாளர், உதவியாளர் தலையில்தான். பாடத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற கையேடு இருக்கிறது. அதைப் பிரிக்க நேரம் கிடைக்கிறதா என்பது உதவியாளர் பணியிடம் நிரம்பியிருப்பதைப் பொறுத்தது.

எழுத்தும் ஆங்கிலமும் சீக்கிரம் வர வேண்டும் என்று விரும்பிய பெற்றோர் தனியார் நர்சரிகளை நாடினர். அதற்கு மறுமொழியாக, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையின் ஆள். சோறும் மையமும் சமூக நலத் துறையைச் சேர்ந்தவை. 2022இல் இவ்வகுப்புகளை மூடும் பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். மாநகராட்சி எல்லைக்குள் மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றிலேயே மழலையர் வகுப்புகள் உண்டு. பிள்ளை அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடலாம் என்பது இவற்றின் பெரிய வசதி.

கட்டணம் எங்கும் இல்லாததால் ஒப்பீடு வேறு இடங்களில் நிகழ்கிறது: சொந்தக் கட்டடமா வாடகை அறையா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சமையல் தனி அறையிலா. வானகரத்தில் இன்னொன்றும் சேரும். மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், மறுபக்கத்து மையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு நேரமும் சிக்கல்தான். மையம் பிற்பகலிலேயே மூடிவிடும், கம்பெனி ஷிப்ட் அப்போது முடிவதில்லை. பாட்டியோ அண்டை வீட்டாரோ இல்லாத குடியிருப்புகளில், பிள்ளையின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்க, பிள்ளை தனியார் விளையாட்டுப் பள்ளியில் இருப்பதும் நடக்கக்கூடியதே.

கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆறு வயதிலிருந்தே கல்வியை உரிமையாக்குகிறது. அதற்கு முந்தைய வயதினருக்கு அரசுகள் ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது.