‘பார்த்துக் கொடுங்க’: ஒகேனக்கல் பரிசல்துறையில் இனாமும் கூலியும்

காவிரிக் கரையிலுள்ள ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடுபவரும், வாங்கிய மீனைச் சமைத்துத் தரும் பெண்ணும், பரிசல் ஓட்டியும் வேலை முடிகையில் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: ‘பார்த்துக் கொடுங்க.’ ஆனால் சுற்றுலா வருபவர்களின் மனக்கசப்பு மூவர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பரிசலில்தான் அது அதிகம். கவுண்ட்டரில் சீட்டு எடுத்து ஏறியவரிடம் மேலே பணம் கேட்கும்போது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஓட்டிகளின் பேராசை என்பார் ஒரு சாரார். வருபவர்களின் கஞ்சத்தனம் என்பார் இன்னொரு சாரார். இரு தரப்பும் ஆட்களின் குணத்தைப் பேசுகின்றனவே தவிர, கூலி எப்படி அமைந்தது என்ற வரலாற்றைத் தொடுவதில்லை. இங்கே டிப்ஸ் என்ற பெயரில் கைமாறுவதில் பெரும்பகுதி, கட்டணத்துக்குள் இடம்பெறாமல் போன கூலி என்பதே என் வாதம்.

‘இனாம்’ என்ற சொல்லிலேயே அந்த வரலாறு படிந்திருக்கிறது. அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியே வந்த இச்சொல், சென்னை மாகாண வருவாய் ஆவணங்களில் வெறும் இலவசத்தைக் குறிக்கவில்லை. கோயிலுக்கோ கல்விக்கோ ஊர் ஊழியத்துக்கோ தீர்வையை நீக்கி அல்லது குறைத்து விட்ட நிலம் அது. அதன் பெரும்பகுதி ஒரு கடமையோடு பிணைந்திருந்தது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் அந்த உரிமைகளை ஆராய்ந்து, பல ஊழிய இனாம்களை ஊழியத்திலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக்கியது. எஞ்சியவற்றை 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் ரயத்துவாரி நிலமாக, அதாவது அரசுக்கு நேரடியாகத் தீர்வை செலுத்தும் நிலமாக, மாற்றின. நிலம் இல்லாத ஊழியர்களுக்குக் களத்துமேட்டில் மேரை இருந்தது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கான பங்கு நெற்குவியலிலிருந்தே அளக்கப்பட்டது. அந்த ஏற்பாடு சாதியால் கட்டப்பட்டது, ஆளை வேலையோடு பூட்டி வைத்தது. அது திரும்பி வரவேண்டும் என்று எவரும் விரும்ப முடியாது. ஆனாலும் அதில் கூலி என்பது உரிமை. நிலமும் களமும் கைவிட்டுப் போனபின் ‘இனாம்’ என்ற சொல் மட்டும் மிஞ்சி, கொடுப்பவரின் மனசைப் பொறுத்த சில்லறை என்ற பொருளுக்குச் சுருங்கியது.

பரிசலின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1520ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கூடைபோல வட்டமான, உள்ளே பிரம்பும் வெளியே தோலும் கொண்ட படகுகளில் 15, 20 பேர் ஆற்றைக் கடந்ததை எழுதியிருக்கிறார். அன்று பரிசல் அக்கரை சேர்க்கும் கருவி. ஒகேனக்கல்லின் மாமரத்துக்கடவு என்ற பெயரில் உள்ள ‘கடவு’ அந்தப் பழைய பயனை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. சுற்றுலா வளர்ந்தபின் அக்கரை சேர்வதைவிட அருவியைப் பார்ப்பதே பயணத்தின் நோக்கமாயிற்று. கட்டணத்தை அரசு நிர்ணயிக்கத் தொடங்கியது. அந்தக் கட்டணம் ஒரு நடைக்கானது. ஆறோ நடைக்கணக்கில் ஓடுவதில்லை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசல் நிறுத்தப்படுகிறது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆடி மாதத்தையொட்டி வெள்ளம் லட்சம் கன அடியைத் தாண்டியபோது நாள்கணக்கில் தடை நீடித்தது. உயிர் காக்கும் தடை அது, தேவையானதும்கூட. ஆனால் அந்த வெறும் நாட்களின் அரிசிக்கும் வாடகைக்கும் சீட்டில் இடமில்லை. ஓடும் நாளில் ஏறுபவரிடம்தான் அது கேட்கப்படுகிறது.

மசாஜும் மீன் சமையலும் இதைத் தெளிவாக்குகின்றன. அங்கே இரு தரப்பும் நேரடியாகப் பேரம் பேசுகிறார்கள். தொழிலாளி தன் நிலைமையை விலைக்குள் சொல்லிவிட முடிகிறது. ஆகவே ‘பார்த்துக் கொடுங்க’ என்பது அங்கே ஒரு வேண்டுகோளாக நின்றுவிடுகிறது. மூன்றாம் தரப்பு விலை வைத்துவிட்டு விலகிக்கொள்ளும் இடத்தில்தான் அது நெருக்கடியாகிறது. சென்னை ஆட்டோக்களிலும் இதுவே நடந்தது. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆண்டுகள் பல கடந்தும் அது திருத்தப்படாமல் கிடக்க, ‘மீட்டருக்கு மேல போட்டுக் கொடுங்க’ என்பதே நடைமுறை விலையானது.

டிப்ஸ் நன்றியின் அடையாளம், கட்டணத்தை உயர்த்தி அதை ஒழித்தால் மனித உறவு வறண்டுவிடும் என்று ஒரு மறுப்பு உண்டு. நன்றி என்றால் மறுக்கவும் இடம் இருக்கவேண்டும். நடு ஆற்றில், துடுப்பு ஒருவர் கையிலும் குழந்தை இன்னொருவர் மடியிலும் இருக்கும்போது கேட்கப்படும் பணத்தில் அந்த இடம் இல்லை. அதைப் பயணிகள் வெறுப்பது நியாயம்தான். கொடுப்பவரின் தாராளத்தை நம்பிக் கூலி அமைத்தால் என்னாகும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. 1966இல் அந்நாட்டுக் கூலிச் சட்டம் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிகளை அனுமதித்தது. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய தொகை 1991 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது.

தடை நாட்களுக்கு அரசு ஈடு தரவேண்டும் என்றால், மழையில் வேலை இழக்கும் மற்றவர்களுக்கு இல்லாத சலுகை பரிசல் ஓட்டிக்கு மட்டும் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மழை வேலையைக் கெடுப்பது வேறு, பொது நன்மைக்காக அரசே வேலையை நிறுத்துவது வேறு. கடலில் இந்த வேறுபாடு ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்தது. கடலின் தடைக்குத் தேதி உண்டு, காவிரி வெள்ளத்துக்குத் தேதி இல்லை. எனவே ஒகேனக்கல்லில் நிவாரணக் கணக்கை நாள்வாரியாகத்தான் போடவேண்டும். பரிசல் இயக்கத் தடை எந்த நாளில் பிறப்பிக்கப்பட்டது, எந்த நாளில் நீங்கியது என்பது மாவட்ட நிர்வாகத்தின் ஆணைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.