சிவகாசியைப் பற்றி எழுத வரும் பிள்ளைகளுக்கு



என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் சிலர் இப்போது கல்லூரியில் இதழியல் படிக்கிறார்கள். ஒரு பேத்தி விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "தாத்தா, பட்டாசுத் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதணும், எங்கே ஆரம்பிக்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பழைய கதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் வட்டாரம் பேப்பரில் வருவது பெரும்பாலும் விபத்து நடந்த மறுநாள்தான். எந்த ஊர், எத்தனை பேர், எவ்வளவு நிவாரணம் என்பது செய்தி. அதுவும் வேண்டியதே. விபத்து நடக்காத நாளில் வந்து உட்கார்ந்து, "ஏன் இப்படி?" என்று கேட்டு எழுதுவது கட்டுரை.

1983 ஜூலையில் ஸ்மிது கோத்தாரி என்பவர் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' என்ற ஆங்கில இதழில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தத் தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்பதுதான் தலைப்பின் பொருள். விடியுமுன் ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் நமக்கு அன்றாடக் காட்சி. வெளியூர்க்காரருக்கு அது கேள்வி. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படமே எடுத்தார்.

இதற்கிடையே எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். 1990 அக்டோபரில் ஒரு தீர்ப்பு வந்தது. அதன்பின் ஒரு பட்டாசு ஆபீஸ் விபத்து. இறந்தவர்கள் 39 பேர் என்று அரசு சொன்னது. பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்து நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைத் திரும்பக் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10-ஆம் தேதித் தீர்ப்பில், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. பிள்ளை ஏன் வேலைக்குப் போனது என்ற கேள்விக்குள் நீதிமன்றமே போனது.

பிள்ளைகளே, நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். மருந்து கலந்தவர் யார், உரிமம் யார் பெயரில், நடத்தியவர் யார், ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். தீக்காயம் பட்டவரை இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். மானம் பார்த்த கரிசல் பூமியில் மழை பொய்த்த வருடம் ஒரு தாய் போட்ட கணக்கை எழுதுங்கள். பெயர் போட்டால் வேலை போய்விடும் என்று யாராவது சொன்னால் பெயரை விட்டுவிடுங்கள். அவர் சொன்னதை விடாதீர்கள். ஆபீஸ் நடத்துகிறவரும் நமக்கு மாமா, சித்தப்பா முறைதான். அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக, என் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டை அடுக்கிவிட்டு, பெட்டி ஒட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். இன்று உங்களுக்கு ஐம்பது வயது. தீர்ப்பில் நீங்கள் வெறும் எண்ணிக்கை. உங்கள் வீட்டுப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று சொல்லாமல் உட்கார்ந்து பேசுங்கள். உங்களைத் தவிர வேறு யாரால் அதைச் சொல்ல முடியும்?

வாழ்க நலமுடன்.