தோல் போர்த்திய நாற்காலி



போன வருடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே குரூனிங்க அருங்காட்சியகம் என்று ஒன்று. கட்டடம் 1930இல் திறந்தது. உள்ளே இருக்கும் பழைய ஃபிளெமிஷ் ஓவியங்களுக்கோ ஐந்நூறு வயதுக்கு மேல். யான் வான் ஐக் 1436இல் முடித்த புகழ்பெற்ற ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று.

ஜெரார்ட் டேவிட் 1498இல் வரைந்த 'காம்பிசஸின் தீர்ப்பு'. ஓக் பலகையில் இரண்டு ஓவியங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஆறடி உயரம். கதை ஹெரடோட்டஸ் எழுதி வைத்தது. பாரசீக மன்னன் காம்பிசஸிடம் சிசாம்னஸ் என்றொரு நீதிபதி இருந்தான். பணம் வாங்கிக்கொண்டு அநியாயத் தீர்ப்பு சொன்னான். மன்னன் அவன் தோலை உரிக்கச் செய்து, நீதிபதி நாற்காலியில் போர்த்தி, அதிலேயே அவன் மகன் ஒட்டானஸை அடுத்த நீதிபதியாக உட்கார வைத்தான். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறக்காமல் தீர்ப்புச் சொல்லட்டும் என்று!

முதல் ஓவியத்தில் கைது. இரண்டாவதில் தோல் உரிப்பது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர்கள் உடையைப் பாருங்கள், பாரசீகம் இல்லை, அன்றைய ஃபிளெமிஷ் நகர மக்கள்!

காரணம் உண்டு. இது அருங்காட்சியகத்துக்காக வரைந்ததல்ல. புரூஜ் நகர மன்றத்தில், வழக்குகளை விசாரித்த உறுப்பினர்கள் கூடும் அறைக்காக நகரமே கேட்டு வாங்கியது. தீர்ப்புச் சொல்பவர் நிமிர்ந்தால் இது கண்ணில் படவேண்டும். பிரஸ்ஸல்ஸ், லூவன் நகர மன்றங்களும் இப்படி நீதி ஓவியங்களை வரையச் சொல்லி மாட்டின. 1794இல் பிரெஞ்சுப் படை புரூஜ் ஓவியத்தைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. நெப்போலியன் வீழ்ந்த பிறகே அது ஊர் திரும்பியது.

முதல் ஓவியத்தின் பின்னணியில், ஒரு வீட்டு வாசலில், சின்னதாக இரண்டு உருவங்கள். நீதிபதி கையில் ஒருவன் பணப்பையைக் கொடுக்கிறான். வாங்கியவனுக்கு என்ன ஆனது என்று ஆறடி உயரத்துக்கு வரைந்திருக்கிறார். கொடுத்தவனைப் பிறகு காணோம்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் வகுப்பில் நேர்மை பேசியவன், என் ஓய்வூதியக் கோப்பு நகரவேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கவர் கொடுத்தேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அந்த வாசலில் நிற்பவன் நான்தான்.

உங்களில் பலர் இன்று நாற்காலியில் இருக்கிறீர்கள். அதைப் பற்றி உங்களுக்கே தெரியும். நாற்காலிக்கு எதிரே நிற்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோப்பு இரண்டு மாதம் தாமதமானால் ஆகட்டும். நான் பொறுத்திருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்