கடிபட்ட விரலின் எண்

1893இல் சிகாகோவில் ழாக் பெர்த்தியோன் முன்வைத்தது சாவுக் காரணங்களின் பட்டியல். 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் திருத்தத்தில் உயிரோடிருப்பவர்களின் நோய்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2015 அக்டோபர் முதல் அமெரிக்கா பயன்படுத்தும் பத்தாம் திருத்த வடிவில், வலது ஆள்காட்டி விரல் கடிபட்டு நகம் தப்பினால் எஸ்61.250, நகமும் சிதைந்தால் எஸ்61.350. விரல் விஷயத்தில் இவ்வளவு கறார். கடித்தவர் விஷயத்தில்? மனிதர் கடித்தது தாக்குதல் என்றால் ஒய்04.1, விபத்து என்றால் டபிள்யூ50.3. புருஷன் கடித்ததை ஒருத்தி வாய் திறந்து சொல்லலேன்னா, மருத்துவரும் 'மனிதக் கடி' என்று மட்டும் எழுதிவிட்டால், குறியீடு போடுபவர் ஊகிக்க முடியாது. நோக்கம் பதிவாகாதபோது விபத்து என்றே கொள்ளச் சொல்கிறது விதி. ஆக, மௌனத்துக்கும் ஓர் எண் உண்டு. அது எப்போதும் அடித்தவன் பக்கம்தான். வன்முறை 'குறைந்திருக்கிறது' எனும் எந்தப் புள்ளிவிவரத்தையும் நான் இந்த விதியிலிருந்தே வாசிக்கிறேன்.